பக்கம் திறக்கத் தாமதமா? புதிய சேர்வர் வாங்க முன்னர் அளந்து பாருங்கள்

கடந்த வருடம் மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்த வாரம் அது. இரவு பத்தரை மணிக்கு எமது பாடசாலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுமத்தில் ஓர் ஆசிரியை குரல் பதிவொன்றை அனுப்பியிருந்தார். "சேர், நாப்பத்திரண்டு பிள்ளையள்ர மார்க்ஸையும் போட்டு சேவ் பண்ணினேன். சுத்திக்கிட்டே இருந்து கடைசியில எரர் வந்திட்டு. எல்லாம் பெய்த்து. இனி நான் பேப்பர்லதான் தருவேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வேலைகளை முடித்து, பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு, கைத்தொலைபேசியில் அமர்ந்து புள்ளி பதிந்தவர் அவர். அன்றிரவு அவரைப் போன்று இன்னும் பலர் இருந்தார்கள். சிலரது புள்ளிகள் பதிவாகியிருந்தன, சிலரது பதிவாகவில்லை. எது பதிவானது, எது பதிவாகவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

எமது பாடசாலையில் ஏறத்தாழ 1,400 மாணவர்களும் 70 ஆசிரியர்களும் இருக்கின்றனர். தவணைப் புள்ளிகளைப் பதிந்து முன்னேற்ற அறிக்கை எடுப்பதற்கென ஓர் இணையச் செயலியை எமது பழைய மாணவர் ஒருவர் மூன்று வருடங்களுக்கு முன்னர் இலவசமாகவே எழுதித் தந்தார். சிங்கப்பூரிலுள்ள ஒரு தரவு நிலையத்தில் மாத வாடகைக்கு எடுத்த சிறிய சேர்வரில் அது இயங்குகின்றது. முதல் வருடம் அனைவரும் பாராட்டினார்கள். இரண்டாம் வருடம் 'கொஞ்சம் ஸ்லோ' என்றார்கள். மூன்றாம் வருடம் மேலே சொன்ன குரல் பதிவு வந்தது.

அந்த வாரம் கூடிய பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. புதிய, பெரிய சேர்வர் ஒன்றை வாங்குவது. விலை மனுவும் கையில் இருந்தது: ஆறு இலட்சம் ரூபாய். விஞ்ஞான கூடத்தின் ஒழுகும் கூரையைத் திருத்துவதற்காகப் பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்த பணம்தான் அதற்கு எடுக்கப்படவிருந்தது. நான் எழுந்து, ஒரு வாரம் அவகாசம் தாருங்கள் என்று கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் என்ன செய்தோம், என்ன கண்டோம் என்பதையே இங்கு எழுதுகின்றேன். இன்று எத்தனையோ பாடசாலைகளும் சங்கங்களும் மருந்தகங்களும் கடைகளும் இவ்வாறான செயலிகளை வைத்திருக்கின்றன. எமக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம்.

முதலில் நான் செய்த தவறு

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குரல் பதிவு வந்த இரவே நான் ஒரு 'வைத்தியம்' செய்து பார்த்தேன். நிலைமை இன்னும் மோசமானது.

செயலி பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைச் செய்ய சேர்வரில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான 'பணியாளர்கள்' இருப்பார்கள். ஒரு பணியாளர் ஒரு நேரத்தில் ஒருவரின் கோரிக்கையை மட்டுமே கவனிப்பார். வங்கியின் கருமபீடங்கள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எமது சேர்வரில் அந்த எண்ணிக்கை 5 ஆக இருந்தது. மென்பொருளை நிறுவும்போது தானாக வரும் எண்ணிக்கை அதுதான், யாரும் மாற்றியிருக்கவில்லை. 70 ஆசிரியர்களுக்கு 5 கருமபீடங்களா என்று எண்ணி, அதனை 50 ஆக்கினேன்.

இருபது நிமிடங்களில் சேர்வர் முற்றாக மூச்சடைத்து நின்றுவிட்டது. காரணம் எளிய கணக்கு. ஒவ்வொரு பணியாளரும் ஏறத்தாழ 50 மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்கின்றார். 50 பேருக்கு 2,500 மெகாபைட். எமது சேர்வரிடம் இருந்ததோ மொத்தமே 2 கிகாபைட். நினைவகம் போதாமற் போனால் இயங்குதளம் வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும். வன்தட்டு நினைவகத்தை விடப் பல மடங்கு மெதுவானது. எனவே அனைத்துமே ஊர்ந்து, பின்னர் நின்றது. அன்றிரவு எவருக்கும் புள்ளி பதிய முடியவில்லை. அதற்கு நானே பொறுப்பு.

ஆசிரியர் கலாசாலையில் எமக்குக் கற்றுத் தந்த ஒரு விடயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பிள்ளை கணிதத்தில் பின்தங்கினால் உடனே மேலதிக வகுப்பு வைக்கக் கூடாது. முதலில் குறையறி சோதனை. கூட்டல் வருகின்றதா, இடப்பெறுமானம் புரிகின்றதா, வாசிப்பதிலேயே பிரச்சினையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னர்தான் பரிகாரக் கற்பித்தல். பிள்ளைக்குச் செய்வதை இயந்திரத்துக்குச் செய்ய நான் மறந்திருந்தேன்.

சொடுக்கியதிலிருந்து பக்கம் வரும்வரை

நாம் ஒரு பொத்தானைச் சொடுக்கியதும் என்ன நடக்கின்றது? உலாவி முதலில் தளத்தின் பெயரை வைத்து சேர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்கின்றது. பின்னர் அதனுடன் தொடர்பை ஏற்படுத்துகின்றது. கோரிக்கையை அனுப்புகின்றது. சேர்வரின் வாசலில் நிற்கும் மென்பொருள் அதனை வாங்கி, ஓய்வாக இருக்கும் பணியாளரிடம் கொடுக்கின்றது. ஒருவரும் ஓய்வாக இல்லையென்றால் கோரிக்கை வரிசையில் நிற்கும். பணியாளர் தரவுத்தளத்திடம் தேவையான விபரங்களைக் கேட்கின்றார். அவை கிடைத்ததும் பக்கத்தைத் தயாரித்து அனுப்புகின்றார். உலாவி அதனையும், அதிலுள்ள படங்களையும் இறக்கிக் காட்டுகின்றது.

தாமதம் இந்தப் படிகளில் எங்கேயும் ஏற்படலாம். ஆனால் பாவனையாளரின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம். எனவேதான் ஊகங்கள் பெருகுகின்றன. எமது சங்கக் கூட்டத்தில் மட்டும் நான்கு ஊகங்கள் சொல்லப்பட்டன. 'சிக்னல் சரியில்லை' என்றார் ஒருவர். 'சேர்வர் சிறியது' என்றார் இன்னொருவர். 'யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள்' என்பது மூன்றாவது. 'சிங்கப்பூரில் இருப்பதால்தான், எமது நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும்' என்பது நான்காவது.

நான்காவது ஊகத்தைக் கடதாசியும் பேனையும் கொண்டே சோதிக்கலாம். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையினூடாக ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். போய்வர 27 மில்லி செக்கன். கடலடிக் கம்பி வளைந்து செல்வதையும் இடையிலுள்ள கருவிகளையும் சேர்த்து இதனை இரண்டு மூன்று மடங்காக்கினாலும் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கைத் தாண்டாது. ஒரு பக்கத்துக்காகச் சில தடவை போய்வந்தாலும் அரைச் செக்கன். நாங்கள் காத்திருந்ததோ அரை நிமிடத்துக்கும் மேல். தூரத்தின் மீது பழி போட முடியாது.

உலாவியே முதற் சாட்சி

மற்றைய ஊகங்களைச் சோதிக்கச் செலவில்லாத கருவி ஒவ்வொரு கணினியிலும் இருக்கின்றது. குரோம் அல்லது பயர்பொக்ஸ் உலாவியில் எஃப் 12 விசையை அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். அதில் 'நெட்வேர்க்' என்ற பகுதியைத் தெரிவுசெய்து பக்கத்தை மீண்டும் திறந்தால், ஒவ்வொரு கோப்பும் வருவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று கோடுகளாகக் காட்டும். முதற் கோட்டைச் சொடுக்கினால் அந்த நேரம் இன்னும் பிரித்துக் காட்டப்படும்: முகவரி தேடிய நேரம், தொடர்பு ஏற்படுத்திய நேரம், சேர்வரின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம், இறக்கிய நேரம்.

எவரும் பயன்படுத்தாத பகல் வேளையில் நான் ஒரு வகுப்பின் புள்ளிப் பட்டியலைத் திறந்தேன். தொடர்பு ஏற்பட எடுத்தது பத்திலொரு செக்கன். இறக்க எடுத்தது அதைவிடக் குறைவு. சேர்வரின் பதிலுக்காகக் காத்திருந்தது 18 செக்கன்.

இந்த ஒரு அளவீட்டுடன் இரண்டு விடயங்கள் தெளிவாகின. ஒன்று, ஆசிரியர்களின் சிக்னலில் தவறில்லை. அவ்வாறாயின் தொடர்பிலும் இறக்குவதிலும் நேரம் போயிருக்க வேண்டும். மற்றையது, கூட்ட நெரிசல் மட்டும் காரணமில்லை. தனி ஒருவருக்கே 18 செக்கன் எடுக்கின்றது.

மனிதர்கள் எவ்வளவு நேரம் பொறுமையாக இருப்பார்கள் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 1993 இல் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளைக் குறிப்பிட்டார். பத்திலொரு செக்கனுக்குள் பதில் வந்தால் உடனடியாக நடந்ததாக உணர்வோம். ஒரு செக்கன் வரை சிந்தனை அறுபடாது. பத்து செக்கனைத் தாண்டினால் கவனம் வேறிடம் சென்றுவிடும். 18 செக்கன் என்பது ஓர் ஆசிரியை எழுந்து சமையலறைக்குப் போய்விடக்கூடிய நேரம்.

சேர்வரின் உள்ளே

அடுத்து சேர்வரின் உள்ளே பார்த்தோம். 'பார்த்தோம்' என்பதில் செயலியை எழுதிய பழைய மாணவரும் அடக்கம். அவர் இப்போது கட்டாரில் தொழில் புரிகின்றார். வேலை முடிந்து வந்து வட்ஸ்அப் அழைப்பில் என்னுடன் அமர்ந்தார்.

லினக்ஸ் சேர்வரில் 'டொப்' என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கின்றது என்று ஒரு பட்டியல் வரும். அதில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். செயலி வன்பொருள், அதாவது சீ.பி.யு., முழு மூச்சாக உழைக்கின்றதா? வன்தட்டுக்காகக் காத்திருக்கும் விகிதம் அதிகமா? நினைவகம் தீர்ந்து வன்தட்டைத் தொட்டுவிட்டதா? முதலாவது எனில் ஏதோ ஒரு கணக்கு அளவுக்கு மீறி நடக்கின்றது. இரண்டாவது எனில் வாசிப்பதிலோ எழுதுவதிலோ நெரிசல். மூன்றாவது எனில் நான் முதல் நாள் உண்டாக்கிய அதே நோய். இவை மூன்றுமே அமைதியாக இருக்க, பக்கம் மட்டும் தாமதமானால் சேர்வர் வெளியே வேறொன்றுக்காகக் காத்திருக்கின்றது என்று சந்தேகிக்கலாம். குறுஞ்செய்தி அனுப்பும் சேவையோ மின்னஞ்சல் சேவையோ பதில் தராமல் இருக்கலாம்.

எமது சேர்வரில் முதலாவதே நடந்தது. பட்டியலின் உச்சியில் இருந்தது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம்.

தரவுத்தளத்தில் தாமதமான வினவல்களைக் குறித்து வைக்கும் ஒரு பதிவுக் கோப்பு உண்டு. அது இயல்பாக நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும். இயக்கினாலும் 10 செக்கனுக்கு மேல் எடுக்கும் வினவல்களை மட்டுமே எழுதும். நாங்கள் அதனை இயக்கி, எல்லையை 1 செக்கனாகக் குறைத்து, பக்கத்தை மீண்டும் திறந்தோம். கோப்பு வெறுமையாகவே இருந்தது. ஒரு வினவல்கூட ஒரு செக்கனைத் தாண்டவில்லை.

அந்த இடத்தில் ஏறத்தாழ தரவுத்தளத்தை விடுவித்துவிட இருந்தோம். தம்பிதான் சொன்னார், "சேர், எல்லைய பூச்சியமாக்கிப் பாப்பம், எல்லாத்தையும் எழுதட்டும்." ஒரு நிமிடத்துக்கு மட்டும் அவ்வாறு செய்தோம். கோப்பு நிரம்பி வழிந்தது. ஒரே ஒரு பக்கத்துக்காக ஒரே வடிவிலான வினவல் 420 தடவை கேட்கப்பட்டிருந்தது. மாணவரின் சேர்விலக்கமும் பாடமும் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 40 மில்லி செக்கன். தனித்தனியே பார்த்தால் கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவு. 420 ஐ 40 ஆல் பெருக்கினால் 16.8 செக்கன். நாங்கள் தேடிய 18 செக்கன் ஏறத்தாழ முழுவதும் இங்கேதான் போயிருந்தது.

ஏன் 420? ஏன் 40?

வகுப்பில் 42 மாணவர்கள், 10 பாடங்கள். செயலி ஒவ்வொரு மாணவரின் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே தரவுத்தளத்திடம் சென்று கேட்டது. கடைக்குப் போகும் பிள்ளையிடம் 42 பொருட்களின் பட்டியலைக் கொடுக்காமல், ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டுக்கு வந்து திரும்பப் போகச் சொன்னது போல. புதிதாக எழுதுபவர்கள் மட்டுமன்றி அனுபவசாலிகளும் அடிக்கடி செய்யும் தவறு இது.

அடுத்த கேள்வி, ஒரு புள்ளியை எடுக்க ஏன் 40 மில்லி செக்கன்? ஒவ்வொரு தவணையிலும் 1,400 மாணவர்களுக்கு 10 பாடங்கள் வீதம் 14,000 பதிவுகள் சேர்கின்றன. எட்டுத் தவணைகளில் 112,000 பதிவுகள். அந்த அட்டவணையில் சேர்விலக்கத்துக்கு இண்டெக்ஸ் போடப்பட்டிருக்கவில்லை. இண்டெக்ஸ் என்பது ஒரு நூலின் பின்புறத்தில் அகர வரிசையில் சொற்களையும் பக்க எண்களையும் தருவது போன்ற ஓர் ஒழுங்கு. அது இல்லாவிட்டால் தரவுத்தளம் முதலாவது பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை ஒவ்வொன்றாகப் புரட்டியே ஒரு மாணவரின் ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கும். வினவலின் முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன்' என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால், எத்தனை பதிவுகளைப் புரட்டப் போகின்றது என்பதைத் தரவுத்தளமே மதிப்பிட்டுச் சொல்லும். எமக்குக் கிடைத்த பதில் ஏறத்தாழ அட்டவணை முழுவதும். ஒரு பக்கத்துக்காக 420 தடவைகள் முழு இடாப்பையும் புரட்டியிருக்கின்றது. அதாவது 4 கோடி 70 இலட்சம் பதிவுகள்.

முதல் வருடம் இது ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கின்றது. முதல் தவணை முடியும்போது இருந்தவை 14,000 பதிவுகள் மட்டுமே. ஒரு வினவலுக்கு 5 மில்லி செக்கன், பக்கத்துக்கு 2 செக்கன். யாரும் முறையிடவில்லை. ஒவ்வொரு தவணையும் சிறிது சிறிதாகக் கூடியது. "டெஸ்ட் பண்ணக்குள்ள நான் இருபது பிள்ளையள்ர பேர்தான் சேர் போட்டுப் பாத்தேன்" என்று தம்பி வருத்தப்பட்டார். அவர் வருந்த வேண்டியதில்லை. இலவசமாக உழைத்துத் தந்தவர் அவர். மூன்று வருடங்களாக ஒரு முறையேனும் நேரத்தை அளந்து பார்க்காதவர்கள் நாங்கள்.

நெரிசல் எவ்வாறு உருவானது

தனியே 18 செக்கன் என்பது இரவில் ஏன் ஒரு நிமிடத்தைத் தாண்டியது? எமது சேர்வரின் சீ.பி.யு.வுக்கு இரண்டு கருக்கள். ஒரு பக்கம் ஒரு கருவின் 17 செக்கன் உழைப்பை எடுக்கின்றது. அப்படியாயின் இரண்டு கருக்களும் இடைவிடாது உழைத்தாலும் நிமிடத்துக்கு 7 பக்கங்களுக்கு மேல் தர முடியாது. இரவு எட்டு மணிக்கு 70 ஆசிரியர்கள் வந்தால் வரிசை நீளத்தான் செய்யும். பணியாளர்களை 5 இலிருந்து 50 ஆக்கினாலும் அந்த ஏழு எட்டாகாது. கருமபீடங்களைக் கூட்டினேன், ஆனால் உள்ளே கோப்பைத் தேடும் எழுதுவினைஞர்கள் அதே இருவர்தான்.

வாசலில் நிற்கும் மென்பொருள் 60 செக்கன் வரை பதில் வராவிட்டால் 504 என்ற இலக்கத்துடன் பிழைச் செய்தியைக் காட்டிவிடும். அதைப் பார்த்த ஆசிரியர் மீண்டும் சேமிக்க முயல்வார். முந்தைய வேலையைப் பணியாளர் பெரும்பாலும் தொடர்ந்து செய்துகொண்டே இருப்பார், கேட்டவர் போய்விட்டது அவருக்குத் தெரியாது. அதன் மேல் புதிய கோரிக்கையும் வந்து சேரும். பொறுமையிழந்து மூன்று முறை அழுத்தியவர் தன்னையும் மற்றைய 69 பேரையும் பின்னுக்குத் தள்ளியிருக்கின்றார். அவர் மீதும் தவறில்லை, என்ன நடக்கின்றது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறு இலட்சம் என்ன செய்திருக்கும்?

விலை மனுவில் இருந்த சேர்வருக்கு எட்டுக் கருக்கள். வாங்கியிருந்தால் நிமிடத்துக்கு 7 பக்கங்கள் என்பது 28 ஆகியிருக்கும். நெரிசல் குறைந்திருக்கும். ஆனால் தனி ஒருவருக்கான நேரம் பெரிதாக மாறியிருக்காது. ஒரு வினவலை ஒரு கருவே புரட்டும், மற்றைய ஏழும் அதற்கு உதவ மாட்டா. வருடத்துக்கு 42,000 பதிவுகள் வீதம் அட்டவணை வளர, அடுத்த வருடம் அந்த 18 செக்கன் 23 ஐத் தாண்டியிருக்கும். அப்போது இன்னும் பெரிய சேர்வருக்கு இன்னுமொரு விலை மனு வந்திருக்கும்.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் தரவுகளின் பிரதியொன்றை எடுத்து வைத்தோம். அதிகாலையில் எவரும் இல்லாத வேளையில், சேர்விலக்கம், தவணை, பாடம் மூன்றையும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டோம். ஒரு வரிக் கட்டளை, சில செக்கன்களில் முடிந்தது. பக்கம் திறக்கும் நேரம் 18 செக்கனிலிருந்து ஒரு செக்கனுக்குக் கீழே வந்தது. வார இறுதியில் தம்பி 420 வினவல்களை ஒரே வினவலாக மாற்றி எழுதினார். நேரம் இன்னும் குறைந்தது. பணியாளர்களின் எண்ணிக்கையை நினைவகத்துக்கு ஏற்ப 12 ஆக்கினோம். செலவு எதுவுமில்லை.

இண்டெக்ஸ் நல்லது என்று அட்டவணையின் ஒவ்வொரு நிரலுக்கும் போட்டுவிடவும் கூடாது. புதிய பதிவொன்று எழுதப்படும் ஒவ்வொரு முறையும் இண்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் இடமும் நேரமும் தேவை. எந்த வினவல் அடிக்கடி கேட்கப்படுகின்றதோ அதற்குத் தேவையானதை மட்டும் போட்டால் போதும்.

பெரியவர்களுக்கும் நேர்ந்ததுதான்

இது சிறிய பாடசாலைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்புறுதிக்கான ஹெல்த்கெயார் டொட் கவ் இணையத்தளத்தை 2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி திறந்தது. முதல் நாளில் வெற்றிகரமாகப் பதிந்து முடித்தவர்கள் ஆறு பேர். கூகுளில் பணியாற்றிய மைக்கி டிக்கர்சன் உட்பட ஒரு குழுவினர் மீட்புப் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். அந்தப் பிரமாண்டமான அமைப்பின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கின்றது என்று ஒரே இடத்தில் பார்க்க வழி இருக்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முதற் குறை. எனவே முதலில் அளவீட்டுப் பலகையை அமைத்தார்கள். அடிக்கடி கேட்கப்படும் தகவல்களை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் தேடாமல் நினைவகத்தில் வைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நூற்றுக்கணக்கான மென்பொருட் திருத்தங்களும், அவற்றுடன் புதிய வன்பொருட்களும் சேர்க்கப்பட்டன. சராசரியாக 8 செக்கனாக இருந்த பதில் நேரம் நவம்பர் முடிவில் ஒரு செக்கனுக்குக் குறைந்தது. வன்பொருள் வாங்குவதே பிழையென்று நான் சொல்லவில்லை. அளவீடு வாங்கச் சொன்னால் தாராளமாக வாங்கலாம்.

உங்கள் செயலி தாமதமானால்

தொழினுட்பம் தெரியாதவர்களும் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கான விடைகள் பாதிக் காரணத்தைக் காட்டிவிடும்.

எல்லாப் பக்கங்களும் தாமதமா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் மட்டுமெனில் அந்தப் பக்கத்தின் நிரலையும் வினவலையும் பாருங்கள்.

எல்லோருக்கும் தாமதமா, சிலருக்கு மட்டுமா? சிலருக்கு மட்டுமெனில் அவர்களின் இணைய இணைப்பையோ கருவியையோ முதலில் பாருங்கள்.

எந்நேரமும் தாமதமா, குறித்த நேரத்தில் மட்டுமா? தினமும் ஒரே மணிக்கு எனில், அந்த நேரத்தில் தானாக இயங்கும் பிரதியெடுப்பு போன்ற வேலை இருக்கலாம். கூட்டம் கூடும் வேளையில் மட்டுமெனில் வரிசை நெரிசல்.

திடீரெனத் தாமதமானதா, மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வந்ததா? திடீரெனில் அண்மையில் என்ன மாற்றப்பட்டது என்று கேளுங்கள். வன்தட்டு நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள். மெல்ல வந்ததெனில் தரவுகள் வளர்ந்திருக்கின்றன, எமக்கு நேர்ந்தது போல.

காத்திருப்பதில் நேரம் போகின்றதா, இறக்குவதிலா? இறக்குவதிலெனில் சேர்வரை விட்டுவிடுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த பெரிய படங்களைச் சிறிதாக்காமல் அப்படியே போட்டிருப்பார்கள்.

சங்கங்களின் நிருவாகிகளிடமும் அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'சேர்வர் போதாது' என்று யாரேனும் விலை மனுவுடன் வந்தால், எந்தப் படியில் எத்தனை செக்கன் போகின்றது என்பதை எழுத்தில் கேளுங்கள். வாங்கிய பின்னர் அது எத்தனை செக்கனாகக் குறையும் என்றும் கேளுங்கள். உண்மையாக அளந்தவருக்கு இதற்குப் பதில் சொல்வது சிரமமில்லை.

தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. உயர்தர மாணவர்களுக்கு நாம் தரவுத்தளத்தையும் வினவலையும் கற்பிக்கின்றோம். நான் இப்போது பாடசாலைச் செயலியின் பிரதியொன்றை, மாணவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, ஆய்வுகூடக் கணினியில் வைத்திருக்கின்றேன். இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு தடவை, இண்டெக்ஸுடன் ஒரு தடவை பிள்ளைகளே நேரத்தை அளந்து குறிப்பார்கள். கரும்பலகையில் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்லியும் புரியாதது அப்போது இரண்டு நிமிடத்தில் புரிகின்றது.

இந்த வருட முதலாம் தவணைப் புள்ளிகள் இரண்டு நாட்களில் பதிந்து முடிந்தன. குரல் பதிவு அனுப்பிய ஆசிரியை கடதாசிக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அதே பக்கத்தைத் திறந்து, எத்தனை செக்கன் என்று ஒரு கொப்பியில் எழுதி வருகின்றேன். விஞ்ஞான கூடத்தின் கூரை வேலை மழைக்கு முன்னர் முடிந்துவிடும் என்று மேசன் சொல்லியிருக்கின்றார்.